ஆளைக் கரைக்கு வரச் சொன்ன புஷ்பம் ரீச்சர்

தந்தி வந்த நேரம் எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்குப் பலகையில் வசந்தி என்ற ஏழு வயதுப் பிள்ளை ஓர் ஆள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் எதிரே கதிரையில் இருந்தேன். "ஓராளைக் கீறு பிள்ளை, உன்னாலை ஏலுமான மட்டும் வடிவாக் கீறு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தொழிலின் முதல் விதி அது. தபால்காரர் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, வழக்கம்போல மணி அடிக்காமல் நின்றார். "மாஸ்ரர், முல்லைத்தீவிலையிருந்து வந்திருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. புஷ்பம் ரீச்சர் போய்விட்டார். மறுநாள் பின்னேரம் அடக்கம். வசந்தி வரைந்து முடித்துத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சிச் சந்திக்கு பஸ் பிடிக்க ஓடினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தார் கேட்டார்கள். இது உங்களுக்கெல்லாம் தெரிந்த மனிசியைப் பற்றிய கட்டுரை. அவரிடம் படித்தவர்கள், அவரோடு படிப்பித்தவர்கள், அவரிடம் ஏச்சு வாங்கிய பெற்றோர்கள் எல்லோரும் வாசிப்பீர்கள். அடக்கமாக, துக்கமாக எழுதுவதுதான் முறை. இரண்டு தரம் அப்படித் தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. அந்த மனிசியை நினைத்தாலே எனக்கு ஒரு பரபரப்புத்தான் வருகிறது. யாரோ தூரத்தில் நின்று கை காட்டிக் கூப்பிடுகிற மாதிரி, எழுந்து ஓடவேண்டும் போல இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை கொஞ்சம் சத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதன்முதல் கண்டுகொண்டது ரெயிலில். நான் கிளிநொச்சியில் ஏறி, மூலை இருக்கை ஒன்றைப் பிடித்து, வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தேன். மாங்குளத்தில் ஒரு பெண் ஏறினார். ஒரு கையில் இரும்புப் பெட்டி, மறுகையில் பனையோலைக் கடகம். கடகத்துக்குள் வெள்ளைத் துணியில் சுற்றியது என்னவென்று கேட்கத் தேவையில்லை, ரெயில் பெட்டி முழுக்க மணத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் விரதம். முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பினேன்.

"மாஸ்ரர், மூக்கை வெளியிலை விட்டால் கரித்தூள் போகும். கருவாட்டு மணம் ஒண்டும் செய்யாது" என்றார்.

நான் வாத்தியார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வலக்கைச் சட்டையிலை வெண்கட்டித் தூள். ஊர்ப் பிரயாணத்துக்கு இவ்வளவு புத்தகம் ஒருத்தரும் கொண்டு போறேல்லை. நீங்களும் அந்தப் பிள்ளையள் படிப்புக்கோ?" என்றார்.

அந்தப் பிள்ளையள் படிப்புக்குத்தான். மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலும் வளர்ச்சி உளவியலும் கற்பிக்கும் பட்டப்பின் படிப்பு. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் படிக்காத பிள்ளைக்கு ஒரே பெயர்தான்: மொக்கு. நானும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை, அது கண்ணா, காதா, பயமா, பசியா, வேறெதுவுமா என்று கண்டறிந்து சொல்வதற்கு ஆட்களைப் பயிற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்த முறை வன்னியிலிருந்து போனது நாங்கள் இருவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த குடும்பம். அவர் முல்லைத்தீவுக் கரையில் களப்பு என்கிற கடலேரியையும் கடலையும் நம்பிய குடும்பம். மதவாச்சி தாண்டுவதற்குள் அவர் ஒன்று சொன்னார். "பிள்ளையளைப் படிப்பிக்கிறதுக்கு எத்தினை வருசம் படிச்சம் மாஸ்ரர்! பிள்ளையளைப் பாக்கிறதுக்கு இப்பதான் படிக்கப் போறம்." சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். எதிரே இருந்தவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.

அந்தக் கைதட்டலை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். விரிவுரை மண்டபத்திலும் அப்படித்தான். பேராசிரியர் இங்கிலாந்தில் படித்தவர், மெதுவாக அளந்து பேசுகிறவர். தமிழ் பேசும்போது புத்தகம் வாசிப்பது போல இருக்கும். ஒருநாள், ஒரே அளவு தண்ணீரை அகலக் கோப்பையிலிருந்து ஒடுங்கிய உயரக் கோப்பையில் ஊற்றினால் சின்னப் பிள்ளைகள் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்வார்கள் என்றார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதினோம். புஷ்பம் ரீச்சர் எழுதவில்லை. கையைத் தட்டி, "மெய்யே ஐயா?" என்றார். பேராசிரியரின் வகுப்பில் அதற்கு முன் ஒருவரும் "மெய்யே" என்று கேட்டதில்லை.

விடுமுறைக்கு ஊர் போன மூன்றாம் நாள் அவரிடமிருந்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஓடி வாருங்கோ மாஸ்ரர், பிள்ளை பிழை விட்டிட்டுது!" தமக்கையின் குசினியில் நாலு வயது மருமகளை இருத்தி, தேத்தண்ணியை ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார். பிள்ளை உயரக் கோப்பையைக் காட்டி, இதற்குள்தான் கூட இருக்கிறது என்றிருக்கிறது. இவர் சந்தோஷத்தில் கையைத் தட்ட, கோப்பை கவிழ்ந்து தேத்தண்ணி முழுக்க அடுப்புக்குள் போய்விட்டது. பிறகு நேரில் கண்டபோது, ஒரு பிழைக்கு இவ்வளவு துள்ளலா என்று கேட்டேன். "சரியாச் சொல்லுற பிள்ளை நாங்கள் சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது. பிழையாச் சொல்லேக்கைதான் மாஸ்ரர், தான் என்ன நினைக்குதெண்டு காட்டுது" என்றார். அதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அடுத்த வருடம் அது என் தலையிலேயே வந்து விழும் என்று தெரியாது.

ஊரில் எங்கள் படிப்புக்கு வேறு மரியாதை. மனசைப் படிக்கிற படிப்பாம் என்று கதை பரவி, ஒருநாள் எங்கள் வாய்க்காலடிப் பெரியவர் ஒருவர் வெற்றிலையோடு வந்து நின்றார். "மாஸ்ரர், என்ரை எருமை எந்தப் பக்கம் போனதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன மை போட்டுப் பார்க்கிறவனா என்று ஏசி அனுப்பினேன். இதை ரெயிலில் ரீச்சரிடம் சொல்லிக் குமுறினேன். அவர் சிரித்து முடிக்கவே இரண்டு ஸ்ரேசன் போய்விட்டது. பிறகு கேட்டார்.

"கடைசியா ஆர் கண்டது, எங்கை கண்டதெண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை. நான் ஏன் கேக்கவேணும்?"

"கேக்கிறதுதானே எங்கட தொழில்."

அடுத்த முறை ஊருக்குப் போய்ப் பெரியவரிடம் கேட்டேன். எருமை தானாகவே திரும்பி வந்துவிட்டிருந்தது. ஆனாலும் அவர் அந்தப் புகழை எனக்கே தந்தார்.

இனி நான் சொல்லப்போவது என் பிழை. ரீச்சர் இருக்கும்வரை இதை மேடைகளில் அவர் பகிடியாகச் சொல்வார், என் பெயரைச் சொல்லமாட்டார். இப்போது நானே சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் கள வேலை. அவரவர் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆளை வரையச் செய்து, அந்தப் படங்களுக்குப் புள்ளி போடவேண்டும். தலைக்கு ஒரு புள்ளி, கண்ணுக்கு ஒன்று, கைக்கு, விரலுக்கு, காலுக்கு, பாதத்துக்கு என்று கைநூலில் பட்டியல் இருக்கும். கூட்டிப் பார்த்தால் பிள்ளையின் மனவயது வரும். சொந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த ஆசிரியர் புள்ளி போட்டால் பாசம் வந்துவிடும் என்று, தாள்களை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். என் வயற்காட்டுப் பிள்ளைகளின் படங்கள் அவருக்குப் போயின. அவருடைய கரைப் பிள்ளைகளின் படங்கள் எனக்கு வந்தன. இந்த ஆய்வு வெறும் பரீட்சைக்காக மட்டுமல்ல. கரைப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புத் திறக்கலாமா, அந்தப் பிள்ளைகளுக்கு அது பிரயோசனப்படுமா என்று கல்விப் பகுதி எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வதாக இருந்தது. இல்லையென்றால் பெடியன்கள் வள்ளத்துக்கு, பெட்டைகள் குசினிக்கு.

தாள்கள் கிடைத்ததும் ரீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். என் பிள்ளைகளில் பலர் வரைந்த ஆட்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "உந்த ஆள் எங்கை நிக்குது?" என்று கேட்டார். "வயலுக்கை, சேத்துக்கை" என்றார்கள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கி, நாற்று நடுகிறவர்களுக்கு நடுவே நின்று, தன் காலைத் தானே குனிந்து பார்த்தார். சேறுதான் தெரிந்தது. கைநூல்படி ஒரு புள்ளியும், சேற்றைக் கணக்கிலெடுத்து இன்னொரு புள்ளியுமாக இரண்டு வரிசை எழுதி அனுப்பினார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. நான் அவருடைய பிள்ளைகளின் படங்களை வீட்டு மேசையில் பரப்பி, கைநூலைத் திறந்து வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒரே மூச்சில் புள்ளி போட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இடுப்போடு நிறுத்தியிருந்தார்கள். காலில்லை, வெட்டு. பாதமில்லை, வெட்டு. விரலில்லை, வெட்டு. கூட்டல் கழித்தல் எல்லாம் அவ்வளவு துப்புரவு. முல்லைத்தீவு பஸ் எங்கள் சந்தியால்தான் போகும். அதில் ஏறவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பேராசிரியர் என் அறிக்கையை வகுப்பில் வாசித்தார். கரையோரப் பிள்ளைகளின் மனவயது உண்மை வயதைவிடப் பெரிதும் பின்தங்கியுள்ளது, மேல்வகுப்பால் பயன் விளையுமென்று கூறுவதற்கில்லை என்று என் வசனம் என் காதிலேயே கம்பீரமாக ஒலித்தது. புஷ்பம் ரீச்சர் எழுந்தார். முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"மாஸ்ரர், நீங்கள் ஒருக்காலெண்டாலும் எங்கட களப்பைப் பாத்தனீங்களோ? இடுப்பளவு தண்ணிக்கை நிண்டு இறால் பிடிக்கிற மனிசனுக்குக் காலை எங்கை கீறுறது?"

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

பேராசிரியர் இலேசில் விடுகிறவர் அல்லர். உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் அழகு ஆதாரமாகாது என்றார். அந்தப் பிள்ளைகளுக்குக் கால் வரையத் தெரியாது என்பதற்கும் இதே படம்தானே வரும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தானே நேரில் வந்து மறுபடி சோதிப்பதாகச் சொன்னார். அப்போதும் கால் வராவிட்டால் என் அறிக்கை நிற்கும். ரீச்சரின் ஆய்வு தள்ளப்படும். அவருக்கு இன்னொரு வருடம் லீவு கிடைக்க வழியில்லை, ஆகவே பட்டமும் அத்தோடு போய்விடும். அதைவிட ஒரு நிபந்தனையும் வைத்தார். மறுசோதனை நடக்கவேண்டுமென்றால், பிள்ளைகளை விசாரிக்காமல் புள்ளியிட்டேன் என்று புள்ளி போட்டவர் எழுதி ஒப்பமிட வேண்டும். அது என் பதிவேட்டில் இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனமில்லை. கைநூலில் உள்ளபடிதானே செய்தேன், நான் ஏன் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நெஞ்சுக்குள் பொருமினேன். ஊர் திரும்பும்போது பொல்காவலையில் வண்டி மாறியதிலிருந்து வவுனியா வரை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. வவுனியா மேடையில் இரண்டு தேத்தண்ணி வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். "மாஸ்ரர், என்னிலை கோவமெண்டால் கோவமா இருங்கோ. கையெழுத்தும் வைக்கவேண்டாம். ஆனால் ஒருக்கா வந்து பாத்திட்டுக் கோவியுங்கோ" என்றார்.

அன்று நான் கிளிநொச்சிக்குப் போகவில்லை. அவரோடு மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அவருடைய தமையனாரின் சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு களப்புக்குள் இறங்கினேன். இடுப்பளவு வந்ததும், "குனிஞ்சு பாருங்கோ மாஸ்ரர்!" என்று கரையிலிருந்து கத்தினார். பார்த்தேன். கலங்கல் தண்ணீர். என் கால்கள் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கரையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் வேட்டி மடிப்புக்கும் பதிவேட்டுக்கும் இனி என்ன வேலை என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரம் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமை வாத்தியாரின் மேசையில் இருந்து எழுதிக் கொடுத்தேன்.

பேராசிரியர் வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடிக்கிறது. சப்பாத்தும் கழுத்துப்பட்டியுமாக மணலில் நடந்து வந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரி, அசையாமல் இருந்தார்கள். "ஒரு மனிதனை வரையுங்கள்" என்று தானே சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன். முன்வாங்கில் கிளாறா என்ற பிள்ளை தலை, மயிர், கண், கை, இடுப்பில் கட்டிய பறி எல்லாம் வரைந்தாள். பறி என்றால் இறாலைப் போடும் கூடை. பிறகு இடுப்புக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். பக்கத்துப் பிள்ளையும் கோடு. அதற்கடுத்ததும் கோடு. பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயா, ஒரு கேள்வி கேக்க விடுங்கோ. கீறி முடிச்ச பிறகு கேக்கக்கூடாதெண்டு கைநூலிலை எழுதேல்லை" என்றார் புஷ்பம் ரீச்சர். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பேராசிரியர் கைநூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"கிளாறா, உந்த ஆள் எங்கை நிக்குது?"

"களப்புக்கை, ரீச்சர்." இதுகூடத் தெரியாதா என்ற குரல். கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது தண்ணி."

"இறால் பட்டது காணுமோ?"

கிளாறா பறியைப் பார்த்தாள். "ஓம், காணும்." போதுமாம்.

"காணுமெண்டால், ஆளைக் கரைக்கு வரச் சொல்லு."

கிளாறா தாளைத் திருப்பினாள். அவளோடு வகுப்பு முழுவதும் தாளைத் திருப்பியது. மற்றவர்களுக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களைக் கரைக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஐயோ, அந்தக் கால்கள்! முழங்கால், கணைக்கால், குதி, பெருவிரல், சின்னவிரல், விரலுக்கு நகம்! ஒரு ஆளின் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு ஆளுக்குப் பின்னால் மணலில் காலடி வரிசையாக வந்தது. கிளாறாவின் ஆளுக்கு இடது பெருவிரலில் ஒரு சீலைச் சுற்று. ஏன் என்று பேராசிரியர் கேட்டார். "அப்புவுக்குத் திருக்கை குத்தினது" என்றாள். பேராசிரியர் வாங்கு வாங்காக நடந்து வாய்க்குள் விரல்களை எண்ணினார். ஓரிடத்தில் நின்றார். "இந்தப் பாதத்தில் ஆறு விரல்கள் உள்ளனவே?" என்றார், இங்காவது ஒரு பிழை அகப்பட்டது என்பது போல.

"எங்கட மாமாவுக்கு ஆறு, ஐயா" என்றது அந்தப் பிள்ளை. "வெளியிலைதான் நிக்கிறார்."

எட்டிப் பார்த்தோம். மாமா வேலியடியில் நின்றார். ஆறுதான்.

புஷ்பம் ரீச்சர் கையைத் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள், தலைமை வாத்தியார் தட்டினார், வேலியடியில் நின்ற சனம் என்னவென்று தெரியாமலே தட்டியது. நானும் கை நோகத் தட்டினேன். என் அறிக்கை குப்பையில் விழுந்த நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? பேராசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "குறைத்தவர் நீங்கள், நீங்களே போடுங்கள்" என்றார். பழைய தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அந்த வருடம் எங்கள் இருவருக்கும் பட்டம் கிடைத்தது. அடுத்த தை மாதம் கரைப் பள்ளிக்கூடத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் ஆறாம் வகுப்புத் தொடங்கியது. முதல் வாங்கில் கிளாறா இருந்தாள்.

பட்டத்தோடு அவரைப் பெரிய நகரங்களுக்குக் கூப்பிட்டார்கள். "அங்கை பிள்ளையளுக்குக் கால் இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும், நான் போய் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிட்டார். பஸ் போகாத ஊர்களுக்கு மாட்டு வண்டிலில் போனார். மொக்கு என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகளிடம், ஓரக்கண்ணால் பார்க்கிறாயே, பலகை தெரியவில்லையா, காது இரைகிறதா, வீட்டில் யார் சாப்பாடு தருவது என்று கேட்டுக் கேட்டு வாங்கில் திரும்ப ஏற்றினார். நீங்கள் அறிவீர்கள், உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது வவுனியா ஆசுப்பத்திரியில். நாற்பது வயதுகூட ஆகவில்லை, காய்ச்சல் ஆளை உருக்கிவிட்டிருந்தது. ஆறுதல் வார்த்தைகளை வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு போனேன். ஒன்றையும் சொல்ல விடவில்லை. "மாஸ்ரர், கெதியா வாங்கோ, இதைப் பாருங்கோ" என்று தலையணைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் பிள்ளை இருந்ததாம், நேற்றுத்தான் வீட்டுக்குப் போனதாம். அது வரைந்த தாதி விரல் அளவுக்கு, தாதியின் கையிலிருந்த ஊசி பனைமரம் அளவுக்கு. "அளவு பிழையெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்! எனக்கும் ஊசி அவ்வளவு பெரிசாத்தான் தெரியுது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. இருமலுக்கு நடுவிலும் ஒரு கையால் மற்றக் கையைத் தட்டினார். சத்தம் வரவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். அந்த முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்தவர்களாகப் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அழுதேன். அதை மறைக்க மாட்டேன். ஊர் திரும்பி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மூன்றாம் நாள் போய் லாச்சியைத் திறந்தேன். வசந்தியின் தாள் கிடந்தது. ஒரு பெண்ணை வரைந்திருந்தாள். தலை, கொண்டை, கண், காது, கை, விரல், கால், பாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாய் மட்டும் இல்லை. கண்ணுக்குக் கீழே வெறும் வெள்ளை. நானோ சாவீட்டுக் களைப்பில் இருந்தேன். வாய்க்குப் புள்ளியில்லை என்று சிவப்புப் பென்சிலைத் தாளில் ஊன்றியும்விட்டேன். ஊன்றிய இடத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, இப்போதும் தாளில் இருக்கிறது. அதற்கு மேலே பென்சில் நகரவில்லை. எழுந்துபோய் வசந்தியைக் கூப்பிட்டேன்.

"உந்த ஆள் எங்கை நிக்குது, பிள்ளை?"

"சூட்டுக்களத்திலை, சேர். அம்மா நெல்லுத் தூத்துறா."

"வாயைக் காணேல்லையே?"

"தூசி போகாமல் சீலையாலை கட்டியிருக்கிறா. அவிட்டால் வாய் இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் இவருக்குத் தெரியாது என்று நினைத்தாள் போலும், "அவிழ்க்கச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

நான் கையைத் தட்டிவிட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாய்க்கான புள்ளியைப் போட்டுவிட்டு, இருந்த இருப்பில் ஒரு தபாலட்டையை எடுத்து எழுதினேன்: "ஓடி வாருங்கோ ரீச்சர், பிள்ளை பிழை விடேல்லை!" அட்டையைத் திருப்பி விலாசம் எழுதப் போனபோதுதான் கை நின்றது.

புஷ்பம் ரீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான். மாங்குளத்தில் பஸ் ஏற்றி அவர் எனக்குத் தந்த ஒரு பிரயாணம். பெரிய ஊசியோடு ஒரு சின்னத் தாதியின் படம், ஆசுப்பத்திரியிலிருந்து நான் புறப்படும்போது கையில் தந்துவிட்டார். ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இனி நான் ஒரு பிள்ளைக்கும் புள்ளி போடமாட்டேன். நீங்களும் கேளுங்கள். விலாசம் எழுதாத அந்தத் தபாலட்டையை வசந்தியின் படத்தோடு சேர்த்து லாச்சியில் வைத்திருக்கிறேன்.